மணியோசைக்குக் காத்திருந்த கோட்டை

ரேணிகுண்டா ஜங்ஷனில் ரயில் நின்றதும் பாதிப் பெட்டி காலியாகிவிடும். மொட்டையடித்த தலைகள் ஏறும். இனிமேல் மொட்டையடிக்க வேண்டிய தலைகள் இறங்கும். சென்னை, கூடூர், கடப்பா, திருப்பதி என்று நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரியும் ஊர் இது. ஆனால் இங்கே இறங்குகிறவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே திசைதான். பத்து கிலோமீட்டரில் திருப்பதி. அதற்கு மேலே ஏழு மலை. தரிசனம் முடிந்து, லட்டு வாங்கி, திரும்பும் ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்டோக்காரர் தன் பட்டியலை ஆரம்பிப்பார்: திருச்சானூர், கபில தீர்த்தம், சீனிவாச மங்காபுரம், காளஹஸ்தி. கடைசியில், குரல் சற்றே இறங்கி, சந்திரகிரி கோட்டை.

"அங்கே அரை மணி போதும் சார்" என்ற உத்தரவாதமும் கூடவே வரும்.

அவர் சொல்வது பொய்யில்லை. திருப்பதிக்குத் தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் சந்திரகிரி. 2022-ல் சித்தூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சொர்ணமுகி ஆற்றின் கரையில், சுமார் 600 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கருங்கல் குன்று. குன்றின் மேல் மேல்கோட்டை. தெற்கு அடிவாரத்தில் மதிலும் அகழியும் சூழ்ந்த கீழ்க்கோட்டை. உள்ளே ராஜ மகால், ராணி மகால், ஒரு குளம், பூஜை நின்றுபோன எட்டு கோயில்கள், நிறையப் புல். டிக்கெட் வாங்கி, ராஜ மகாலில் தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைச் சுற்றி, புல்வெளியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் முடிந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்காத குழந்தை குறைவு. அப்பாவிடம் பதில் இருக்காது. பக்கத்தில் இருக்கும் நீலப் பலகையிலும் இருக்காது. அதில் விவரமாக எழுதியிருப்பது, இந்தச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதுதான்.

இத்தனைக்கும் இது பேரரசு ஒன்றின் தலைநகராக இருந்த இடம். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர ராயர்கள் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டாவுக்குப் போனார்கள். கோல்கொண்டா படைகள் அங்கும் வந்தன. 1592 வாக்கில் இரண்டாம் வேங்கடபதி ராயர் தன் அரசவையைச் சந்திரகிரிக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியாவின் அரசியலே சில காலம் இந்தப் புல்வெளியைச் சுற்றித்தான் நடந்தது. அதை இங்கே வந்து நிற்பவருக்கு யார் சொல்வது?

ஜோத்பூரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1459-ல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கர், ஊருக்கு மேலே சுமார் 400 அடி உயரத்தில் ஒரு பாறையின் மீது நிற்கிறது. வாசலில் ஒரு சின்னக் கருவியும் ஹெட்போனும் கொடுத்துவிடுகிறார்கள். வழியில் ஆங்காங்கே எண்கள். அந்த எண்ணை அழுத்தினால் குரல் பேசும். நின்று கேட்கலாம், பாதியில் நிறுத்தலாம், பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். எந்த கைடும் "சீக்கிரம் வாங்க" என்று விரட்ட மாட்டார். கடைசியில் கையை நீட்டவும் மாட்டார். பல மொழிகளில் உண்டு. கோட்டையை நிர்வகிக்கும் அறக்கட்டளையை 1972-ல் தொடங்கிய ஜோத்பூர் மகாராஜா கஜ் சிங் தன் சொந்தக் குரலிலேயே சில இடங்களில் பேசுகிறார். இரும்பு வாசலருகே சுவரில் பதிந்திருக்கும் சின்னச் சின்னக் கைகள், உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைகள் என்று காதில் கேட்கும்போது, அதுவரை செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே இறக்குகிறார். பலகை செய்யாத வேலை இது.

ஆடியோ கைடு புதிய சங்கதி அல்ல. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952-லேயே சிற்றலை வானொலியை வைத்து இதைச் செய்து பார்த்தது. ஒலிபரப்பு ஒன்றுதான் என்பதால், காதில் கருவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தின் முன்னால் மந்தையாக நிற்க வேண்டியிருந்தது. டேப், வாக்மேன் என்று வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. 1987-ல் அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு ஒரு ஒலி உலா தயாரித்தவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். அறிவிப்பாளரை மட்டும் நம்பாமல், அங்கே வேலை பார்த்த காவலர்களையும் அடைபட்டிருந்த கைதிகளையும் தேடிப்பிடித்துப் பேச வைத்தார்கள். காலி அறை முன்னால் நிற்பவர் காதில், அதே அறைகளின் வரிசையில் இருந்தவன் பேசுகிறான்.

இந்தியாவிலும் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2019-ல் 'ஆடியோ ஒடிகோஸ்' என்ற பெயரில் ஒரு ஒலி வழிகாட்டியை வெளியிட்டது. ஆமேர் கோட்டை, தில்லி செங்கோட்டை, தாஜ்மகால் போன்ற பெரிய இடங்களுக்கு இடம் கிடைத்தது. சந்திரகிரி பட்டியலில் இல்லை.

சந்திரகிரிக்குக் குரலே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே ஒலி-ஒளிக் காட்சி ஒன்றைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து நடத்தியது. இருட்டிய பிறகு ராஜ மகாலின் முன்னால் உட்கார வைத்து, சுவர்களுக்குச் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசி, குதிரைக் குளம்பொலியும் கத்திச் சத்தமுமாக ஒரு ராஜ நாடகம். ஆனால் உட்கார்ந்து கேட்பது வேறு, நடந்து கேட்பது வேறு. நாற்காலியில் இருப்பவருக்குக் கோட்டை ஒரு திரைதான். நடப்பவருக்குத்தான் மதிலின் கனம் தெரியும், குளத்திலிருந்து அரண்மனை எத்தனை தூரம் என்று காலுக்குத் தெரியும். தவிர, ஊரில் தங்கிய யாத்ரீகர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் மேலே கியூவில் நின்றுகொண்டிருப்பார்கள்.

சரி, இங்கே ஒரு ஹெட்போன் கொடுத்தால் அது என்ன சொல்ல வேண்டும்? நடந்து பார்த்தால் தெரிகிறது. சொல்ல விஷயம் கொட்டிக் கிடக்கிறது.

மதில் வாசலிலேயே ஒரு காது விஷயம் இருக்கிறது. சந்திரகிரி ராஜா, திருமலையில் சுவாமிக்கு நைவேத்தியம் ஆனபிறகுதான் சாப்பிடுவாராம். நைவேத்தியம் ஆனது அவருக்கு எப்படித் தெரியும்? மலையில் மணி அடிக்கும். அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு மண்டபம், அங்கே ஒரு மணி. அது கேட்டு அடுத்த மண்டபத்து மணி. இப்படியே மணிக்கு மணி தாவி, ஓசை சந்திரகிரி வந்து சேரும். ராஜா இலை முன் உட்காருவார். தமிழ் வாசகருக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். திருச்செந்தூர் மணியோசைக்குக் காத்திருந்த பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மன் கதைதான் அது. இரண்டு ஊரிலும் இது மக்கள் சொல்லும் கதை. கல்வெட்டுச் செய்தி அல்ல. ஆனாலும் ஒலி உலா ஒன்றைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இந்தக் கோட்டை காதால் மலையோடு கட்டப்பட்டிருந்தது என்று ஊர் நம்புகிறது. கால் வழியும் உண்டு. பக்கத்தில் சீனிவாச மங்காபுரம் அருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு, 2,388 படிகளில் நேரே திருமலைக்கு ஏற்றிவிடும். கிருஷ்ணதேவராயர் சந்திரகிரியிலிருந்து இந்த வழியாகத்தான் மலையேறினார் என்பார்கள். வழி எதுவானாலும், 1513-க்கும் 1521-க்கும் இடையில் அவர் ஏழு முறை திருமலை வந்தது மட்டும் நிச்சயம். இரு மனைவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய சிலை கோயிலுக்குள் இருக்கிறது.

அதே கிருஷ்ணதேவராயரைப் பற்றி மதிலுக்கு உள்ளே வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னால் விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வியாபாரி பெர்னாவ் நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். பட்டத்துக்கு வந்ததும் ராயர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தம்பிகள் மூவரையும் அண்ணன் மகனையும் சந்திரகிரிக்கு அனுப்பிக் காவலில் வைத்தது. அண்ணன் மகன் அங்கேயே செத்துப்போனான். தம்பிகளில் ஒருவரான அச்சுத தேவராயர் காத்திருந்தார். இருபது வருஷம் கழித்து, 1529-ல் சாகும் தறுவாயில் அண்ணன் இவரையே வாரிசு என்று சொல்லிவிட்டுப் போனார். கைதியாக இருந்தவர் திருமலையிலும் காளஹஸ்தியிலும் முடிசூட்டிக்கொண்டு விஜயநகரம் போய்ச் சேர்ந்தார். திருப்பதி போகிறவர்கள் கிருஷ்ணதேவராயரைக் கைகூப்பிய பக்தராக மட்டுமே பார்த்துத் திரும்புகிறார்கள். அந்தக் கை பூட்டிய கோட்டை இத்தனை அருகில் இருக்கிறது.

ராஜ மகால் மூன்று மாடி. மரம் என்பதே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. தென்முகமாக, வரிசை வரிசையாக வளைவுகள். அந்த வளைவுகள் சுல்தான்கள் ஊர்ப் பாணி. தலைக்கு மேலே கூம்பு கூம்பாக நிற்கும் சிகரங்கள் கோயில் பாணி. தக்காண சுல்தான்களோடு இருநூறு வருஷம் சண்டை போட்டவர்கள் அவர்களுடைய கட்டடக் கலையை மட்டும் கூச்சமில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். எந்தக் கட்சிக்காரரும் இதை வைத்து ஒரு மேடைப் பேச்சுப் பேச முடியாது. அதனாலேயே ஹெட்போனில் சொல்லத் தகுந்தது. உள்ளே அருங்காட்சியகத்தில் குடிமல்லம், கண்டிகோட்டை, யாகந்தி முதலிய இடங்களிலிருந்து வந்த சிற்பங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மலையில் சுவாமிக்கு அபிஷேகம் நடக்கும் அதே வெள்ளிக்கிழமை. பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

இந்தத் தர்பார் மண்டபத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சந்திரகிரியைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும்: மெட்ராஸ் பிறந்த இடம். இங்கே, இந்த மண்டபத்தில், ராயர் கையெழுத்துப் போட்டு வெள்ளைக்காரனுக்குச் சென்னையை எழுதிக் கொடுத்தார் என்று கைடுகள் தரையைக் காட்டியே சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த குடும்பம் அந்தத் தரையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும்.

ஆவணங்கள் சொல்லும் கதை கொஞ்சம் சுற்றி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, 1639-ல் மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே இடம் தேடி வந்தார். அவரோடு பேசி முடித்தவர்கள் தாமர்ல சகோதரர்கள். வந்தவாசியில் இருந்த வேங்கடாத்ரி நாயக்கர் மூத்தவர். பூந்தமல்லியில் இருந்த ஐயப்ப நாயக்கர் இளையவர். கம்பெனிக்கு இடத்தைக் கொடுத்த சாசனம் இந்த நாயக்கர் பெயரில்தான் இருக்கிறது. அவர்களுடைய அப்பா சென்னப்ப நாயக்கர் பெயர்தான் ஊருக்குச் சென்னப்பட்டணம் என்று நின்றது. அவர்களுக்கு மேலே அதிபதியாக இருந்தவர் விஜயநகர ராயரான மூன்றாம் வேங்கடர். சந்திரகிரி கதைக்குள் வருவது அந்த வழியாகத்தான். சாசனத்தின் தேதியே தகராறு. பிரதி ஒன்றில் ஜூலை 22 என்று இருக்கிறது; அந்தத் தேதியில் டே இந்தக் கரைக்கு வந்து சேரவே இல்லை என்பதால் ஆகஸ்ட் 22 என்று திருத்திக்கொண்டு, அதையே சென்னை தினமாகக் கொண்டாடுகிறோம். மூன்றாம் வேங்கடர் 1642-ல் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் 1645-ல் கம்பெனிக்குப் புதிய சாசனம் கொடுத்தார். மறு வருஷமே சந்திரகிரி கோல்கொண்டாவின் கைக்குப் போய்விட்டது.

ஆக, 'இந்தத் தரையில்' என்று விரலை நீட்டுவதற்கு ஆதாரம் போதாது. அந்த மண்ணுக்கு மேலதிகாரம் இங்கே இருந்தது என்று சொல்லலாம். இந்த வித்தியாசம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். பலகையில் எழுதியிருப்பதை மனிதர் சந்தேகிக்கிறார்; கைடு சொல்வதை எதிர்த்து நாலு கேள்வி கேட்கிறார். ஹெட்போனைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. காதுக்குள் தனியாக, நிதானமான ஒரு குரல் சொல்லிவிட்டால் அது வீடு வரைக்கும் வரும். பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்குள்ளும் நுழையும். சந்திரகிரிக்கு ஒலி உலா வரவில்லையே என்று ஆதங்கப்படுகிறவர்கள், தப்பான ஒலி உலா வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கொஞ்சம் பயப்படுவது நல்லது.

உண்மையான கதையே சுவாரசியத்தில் குறைந்ததல்ல. நெருக்கடியில் இருக்கும் ஒரு பேரரசு. வடக்கே சுல்தான்கள். கடற்கரையில் தினம் ஒரு கொடியோடு வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள். 1598 முதல் ஏசு சபைப் பாதிரிகள் சந்திரகிரி அரசவைக்கு வந்து போனார்கள். வேங்கடபதி ராயர் அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். அவர்கள் தங்கள் தலைமைக்கு எழுதிய கடிதங்கள் இன்று இந்த அரசவையைப் பற்றிய முக்கியமான சாட்சியங்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாயக்கர், துறைமுகம் வந்தால் வருமானம் வரும், பாரசீகக் குதிரை கிடைக்கும் என்ற கணக்கில் ஒரு மணல் திட்டை எழுதிக் கொடுத்தார். அவருக்கு மேலே இருந்த ராயருக்கு அதைத் தடுக்கக் காரணமும் தோன்றவில்லை. அதைச் சொல்லிவிட்டு, கேட்பவரை ஜன்னலண்டை கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் போதும்.

குளத்தைத் தாண்டினால் ராணி மகால். சின்னது, அடக்கமானது. ராணி இங்கே இருந்தாரா என்பது வேறு விஷயம்; கீழ்த்தளத்தைக் குதிரை லாயம் என்று சொல்வோரும் உண்டு. இடிந்த கோயில்கள் சைவமும் வைணவமுமாகப் புல்லுக்குள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் போதும். 1646-க்குப் பிந்தைய கதையையும் வேகமாகச் சொல்லிவிடலாம். கோல்கொண்டாவுக்குப் பின் ஆற்காட்டு நவாபு. 1758-ல் நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பதிக்கே தான்தான் காவலர் என்றார். 1782-ல் ஹைதர் அலி பிடித்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு மைசூர் பிடியும் முடிந்தது. அத்தோடு கோட்டைக்கு வேலையும் முடிந்தது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திர அரசின் கழகம் தன் காட்சியைத் தெலுங்கில் செய்ததில் குறை சொல்ல ஏதுமில்லை. வெளியூர்க்காரருக்கு ஆங்கிலம் என்பதும் நியாயம். ஆனால் திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும் பகுதி தமிழில் இருக்கிறது. சந்திரகிரியைக் கட்டியவர்கள் என்று சொல்லப்படும் யாதவராயர்கள் சோழர்களுக்குக் கீழ்ப்பட்டு இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள். 1485-ல் விஜயநகர அரியணையையே கைப்பற்றிய சாளுவ நரசிம்மர் இங்கே அதிகாரியாக இருந்து மேலே போனவர். அவர் காலத்துக் கோயில் கொடைகளும் தமிழில் வெட்டப்பட்டன. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே அரசின் புழக்கத்தில் இருந்த மூலை இது. ரேணிகுண்டாவில் இறங்கும் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பது பிளாட்பாரத்தில் ஐந்து நிமிஷம் நின்றாலே தெரியும். மேடைக் காட்சியில் ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் பேச முடியும். காதுக் கருவியில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் நாலு பேருக்கு நாலு மொழி பேசலாம். இந்த ஊருக்கு அது கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை.

கருவி இன்று பெரிய செலவு இல்லை. செல்போன் இல்லாத யாத்ரீகர் அபூர்வம். வாசலில் ஒட்டும் ஒரு சதுரக் குறியீடு போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். செலவாகப் போவது எழுத்துக்குத்தான். நூனிஸையும் பாதிரிமார் கடிதங்களையும் கோயில் கல்வெட்டையும் படித்து, ஊர்க்கதையை ஊர்க்கதை என்றே சொல்லி, எங்கே பேச வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுத வேண்டும். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

சும்மா இருக்க வேண்டிய இடம், மகாலுக்குப் பின்னால் அந்தக் குன்றின் அடியில் இருக்கிறது. சுவர் பாறையோடு ஏறி, பாறையோடு வளைந்து, ஒரு கட்டத்தில் எது கட்டியது எது தானாக நின்றது என்று தெரியாமல் போகிறது. மேலே காவல் இருந்தவன் கண்ணுக்குச் சொர்ணமுகிச் சமவெளி முழுதும் பட்டிருக்கும். வடக்கே திரும்பினால் சேஷாசல மலைத்தொடர். சாயங்காலக் காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் ஏதாவது கேட்கிறதா என்று காது தானாகக் கூர்மையாகிறது. காட்பாடி போகும் ரயிலின் சத்தம் கேட்கிறது. மைனாக்கள் கத்துகின்றன. மணி கேட்பதில்லை.

ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். அரை மணி ஆகிவிட்டது. ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் லட்டுப் பைகளும் மொட்டைத் தலைகளுமாகக் கூட்டம். சென்னை போகும் வண்டி எந்த பிளாட்பாரத்தில் வருகிறது என்று ஒலிபெருக்கி மாற்றி மாற்றிச் சொல்கிறது. பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.